பதிவு உள்ளே போகும் முன்: செங்கல்பட்டுச் சீமையின் கணக்குகளும் ஆவணத் தரவுத்தளமும்

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நிலம் கைக்கு வந்ததும் அதில் என்னென்ன இருக்கின்றன என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிவைத்த விவரங்களே அந்தப் பணிக்கு அடித்தளம். இதனால் ஒரே சீமையைப் பற்றி இரண்டு வகைப் பதிவுகள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று, வீடு, நிலம், ஏரி, தோப்பு, மானியம் என்று பத்தி பிரித்துக் கூட்டிய ஆங்கிலச் சுருக்கம். அது சென்னையில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மற்றொன்று, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் ஓலைக் கணக்குகள். வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்தக் கணக்கெடுப்பின் அருமையை எடுத்துச் சொன்னார். பின்னர் சென்னையின் சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் ஓலைகளைப் படித்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளை 2001-இல் நூலாக வெளியிட்டது. சுருக்கத்தையும் ஓலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இன்று கணினித் துறையில் நடக்கும் ஒரு விவாதத்தின் இரு பக்கங்களும் அங்கேயே தெரிகின்றன. ஒரே அளவான கட்டங்களில் எல்லா ஊர்களையும் நிரப்புவது ஒரு வழி. ஒவ்வொரு ஊரும் எப்படி இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே எழுதிவைப்பது இன்னொரு வழி.

இரண்டாம் வழிக்குத் தோதாக வந்தவைதான் ஆவணத் தரவுத்தளங்கள். எட்கர் காட் 1970-இல் முன்வைத்த அட்டவணை மாதிரியில் தகவலுக்கு முன்பே கட்டங்கள் தயாராக வேண்டும். ஆவணத் தரவுத்தளத்தில் பதிவு தன் வடிவத்தோடு வருகிறது. பட்டியலுக்குள் பட்டியலாக, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். அந்த வகைத் தரவுத்தளமான மாங்கோடிபி 2009-இல் வெளியானது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓடவைத்த ரயன் டாலின் நோட்.ஜெஎஸ் வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் சேர்ந்தபோது, உலாவியில் படிவத்தை நிரப்பும் மொழி, சர்வரில் அதை வாங்கும் மொழி, தரவுத்தளத்தில் சேரும் பொருளின் வடிவம் எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஓர் ஊர்க் கணக்கை எடுத்துக்கொள்வோம். களத்தில் குவித்த நெல்லிலிருந்து கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, காவல்காரருக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு என மேரை, சுதந்திரம் எனப்படும் பங்குகள் பிரியும். பங்கு பெறுவோர் ஊருக்கு ஊர் வேறுபடுவர். பங்கின் அளவும் வேறுபடும். இதை அட்டவணையில் அடக்க நினைத்தால், ஒன்று பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். அல்லது நாலைந்து அட்டவணைகளாக உடைத்து இணைப்பு போட வேண்டும். ஆவணமாக எழுதினால், 'பங்குகள்' என்ற பட்டியலில் அந்த ஊரில் உள்ளவர்கள் மட்டும் இருப்பார்கள். ஓலை எழுதியவர் செய்ததும் அதுவே. ஆகவே இந்தச் சீமையின் பழைய பதிவுகளுக்கு ஆவணத் தரவுத்தளம் இயல்பாகவே பொருந்துகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இங்கிருந்து பலரும் தாவிச் செல்லும் அடுத்த முடிவை ஏற்க முடியவில்லை. வடிவத்தை முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டாம், வந்ததை அப்படியே உள்ளே தள்ளலாம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அந்த முடிவு. அட்டவணை வகுப்பவர் செய்த வேலை ஆவணத் தரவுத்தளத்தில் இல்லாமல் போகவில்லை. அது பதிவை உள்ளே சேர்க்கும் 'இன்செர்ட்ஒன்' என்ற ஒற்றை அழைப்புக்கு முன்னால் வரும் சில வரிகளுக்கு இடம் மாறியிருக்கிறது. அந்த வரிகள் எழுதப்படாவிட்டால் வேறெங்கும் அந்த வேலை நடக்காது.

அந்த அழைப்பு எவ்வளவு தாராளமானது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். நோட் நிரலில் தரவுத்தளத்தோடு தொடர்பு ஏற்படுத்தி, பதிவுகளின் தொகுப்பான கலெக்‌ஷனின் பெயரைச் சொல்லி, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பொருளைக் கொடுத்தால் போதும், உள்ளே போய்விடும். அந்தப் பெயரில் கலெக்‌ஷன் இல்லையென்றால் பிழை வராது. மாங்கோடிபி அந்த நொடியே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஊர்க் கணக்குகளோடு இந்தச் சீமையின் கல்வெட்டுகளையும் பதிவதாக வைத்துக்கொள்வோம். 'கல்வெட்டுகள்' என்ற கலெக்‌ஷன் இருக்க, ஒருவர் நிரலில் 'கல்வெட்டுக்கள்' என்று ஒற்று மிகுத்து எழுதிவிட்டால், அவர் சேர்த்த பதிவுகள் எல்லாம் யாரும் தேடாத இன்னொரு கலெக்‌ஷனில் போய் உட்காரும். சர்வர் வெற்றி என்றே பதில் சொல்லும். புலங்களின் பெயரிலும் இதே கதைதான்: ஒரு பதிவில் 'அரசன்', இன்னொன்றில் 'மன்னர்' என்றிருந்தால் இரண்டும் சமமாக ஏற்கப்படும், தேடும்போது ஒரு பாதி கிடைக்காது. படிவத்திலிருந்து வந்த பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே கொடுப்பது இதைவிட ஆபத்து. படிவத்தில் இல்லாத 'சரிபார்க்கப்பட்டது' என்ற புலத்தை யாரோ ஒருவர் தானே சேர்த்து அனுப்பினால், அதுவும் மறுப்பின்றி உள்ளே போகும். எந்தெந்தப் புலங்களை எடுத்துக்கொள்வது என்று சர்வர் நிரல் பெயர் சொல்லிப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அடுத்தது அடையாளம். நாம் '_ஐடி' கொடுக்காவிட்டால் நோட் நிரலில் தரவுத்தளத்தோடு பேசும் டிரைவரே ஓர் ஆப்ஜெக்ட்ஐடியை உருவாக்கிச் சேர்க்கும். அது 12 பைட்: நொடிக் கணக்கிலான நேரம் 4, தற்செயல் எண் 5, ஏறிக்கொண்டே போகும் எண்ணி 3. எந்த இரண்டு அழைப்புக்கும் ஒன்றே வராது என்பது அதன் பலம். ஒரே கல்வெட்டை இரண்டு பேர் இரண்டு முறை உள்ளிட்டால் இரண்டு கல்வெட்டாக ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் பலவீனம். சரி, கல்வெட்டின் வாசகத்தையே தனித்துவச் சாவியாக்கலாமா? மாமல்லபுரத்தில் அது உடனே உடையும். கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே சம்ஸ்கிருதச் சுலோகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் கடைசிச் சுலோகம் மட்டும் ராமானுஜ மண்டபத்தில் இருக்கிறது. வாசகம் சாவியானால் தர்மராஜ மண்டபத்துப் பதிவை மாங்கோடிபி இரட்டிப்பு என்று திருப்பி அனுப்பிவிடும். ஆனால் பல்லவர் ஒரே பாடலை இரண்டு இடங்களில் வெட்டவைத்தார் என்பதுதான் வரலாற்றுக்கு வேண்டிய செய்தி. இடத்தைச் சாவியாக்கலாமா? அருகிலுள்ள சாளுவன்குப்பத்தின் அதிரணசண்டக் குகையில் அதே வாசகம் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும், எதிர்ப்பக்கத்தில் நாகரியிலும் இருக்கிறது. இடம் ஒன்று, வாசகம் ஒன்று, எழுத்து வேறு. ஆகவே கட்டுமானம், சுவர், எழுத்து வகை மூன்றையும் சேர்த்து இரட்டிப்பைத் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் போட்டால்தான் இங்கே பொருந்தும். எது ஒன்று, எது இரண்டு என்பது கல்வெட்டறிஞரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை இண்டெக்ஸாக எழுதிவைத்த பிறகுதான் முதல் பதிவு உள்ளே போக வேண்டும். அப்படி வைத்துவிட்டால் அதே நிரலை மறுபடி ஓட்டினாலும் கெடுதி இல்லை. இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் சேர் என்று சொல்லும் அப்செர்ட் முறை இருக்கிறது. சேர்க்கும்போது மட்டும் எழுத வேண்டிய புலங்களை அதில் தனியே குறிப்பிடலாம்.

எண்களில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஓலைக் கணக்கும் கல்வெட்டும் பேசும் பின்னங்கள் மா, காணி, முந்திரி என்று போகின்றன: மா 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் இரும முறையில் வைக்கப்படுவது. பகுதியில் 5 என்ற காரணி வந்துவிட்டால் அந்தப் பின்னத்தை இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. 20, 80, 320 மூன்றிலும் அந்த 5 இருக்கிறது. இரண்டு மாவுக்கு 0.1, அதோடு ஒரு மாவுக்கு 0.05 என்று கூட்டிப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் 0.15 என்று சொல்லாது, 0.15000000000000002 என்று சொல்லும். தரவுத்தளத்தில் அப்படியே போய்ச் சேரும். பிறகு 'மூன்று மா பங்குள்ளவர்கள் யார்' என்று 0.15-ஐத் தேடினால் இந்தப் பதிவு வராது. கணக்குப்பிள்ளையின் எழுத்தாணி பிசகாமல் எழுதிய பங்கு இயந்திரத்தில் பிசகுவது ஏற்கத்தக்கதல்ல. மாங்கோடிபி 2016 முதல் டெசிமல்128 என்ற பதின்ம வகையைத் தருகிறது. அதில் முந்திரி 0.003125 என்று பிசகின்றி நிற்கும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டால் அந்த வகையை வைத்து நேரடியாகக் கூட்டிக் கழிக்க முடியாது. மூன்று பங்காளிகள் சமமாகப் பிரித்த நிலத்தை அந்த வகையாலும் முழுமையாக எழுத முடியாது. பின்னத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் இரண்டு முழு எண்களாகச் சேர்ப்பதுதான் இங்கே உகந்த வழி. மூன்று மா என்றால் மேலே 3, கீழே 20. வாசகத்தில் இருந்த சொற்களையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அலகும் எண்ணோடு சேர்ந்தே போக வேண்டும். பிற்காலச் செங்கல்பட்டுக் கணக்கில் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி (இங்கே காணி பின்னமல்ல, நில அளவு). இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.32 ஏக்கர். சோழர் காலக் கல்வெட்டிலோ பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று அளவுகோலே மாறும். கோல் மாறினால் குழி மாறும். உள்ளிடுபவர் உதவியாக நினைத்து எல்லாவற்றையும் ஏக்கராக்கி ஒரே எண்ணாகச் சேர்த்துவிட்டால், எந்தக் கோலை வைத்து மாற்றினார் என்று பின்னால் கேட்க ஆளிருக்காது. மூல அளவு ஒரு புலம், கோல் ஒரு புலம், நாம் மாற்றிய ஏக்கர் மூன்றாவது புலம். மூன்றாவது தவறாக இருந்தால் முதல் இரண்டிலிருந்து மறுபடி கணக்கிடலாம்.

காலத்துக்கும் இதே நியாயம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவர் 985-இல் பட்டமேறியவர் என்பதால் அது 1009-10 அளவில் வரும். ஜாவாஸ்கிரிப்டின் தேதி வகை 1970 ஜனவரி 1-இலிருந்து மில்லிநொடி எண்ணுவது. 25 என்ற எண்ணை அதனிடம் கொடுத்தால் 1970-இன் முதல் 25 மில்லிநொடி என்று எடுத்துக்கொள்ளும். 1009 ஜனவரி 1 என்று எழுதினாலும் சரியல்ல, கல் சொல்லாத நாளை நாம் சொன்னதாகும். அரசர், ஆட்சியாண்டு, அதற்கு இணையான ஆண்டு வரம்பின் தொடக்கம், முடிவு என நான்கு புலங்கள் போதும்.

தமிழ் எழுத்தே தனக்கென்று ஒரு பொறியை வைத்திருக்கிறது. இந்தச் சீமையின் கடற்கரையில் உள்ள கோவளத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை, க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். க-வோடு ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் வகையில் 'கோவளம்' 6 குறியெண்கள், இரண்டாம் வகையில் 7. மாங்கோடிபியின் இயல்பான ஒப்பீட்டுக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். யுனிக் இண்டெக்ஸ் போட்டிருந்தும் இரண்டும் உள்ளே போகும். எந்த விசைப்பலகையில் அடித்தார், பழைய எழுத்துருவிலிருந்து எந்தக் கருவியால் மாற்றினார் என்பதைப் பொறுத்து இது அமையும் என்பதால், அடிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே அனுப்பும் முன் ஒவ்வொரு சரத்தையும் 'நார்மலைஸ்' என்ற ஒரே அழைப்பால் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. ஊர்ப்பெயரின் எழுத்து வேறுபாடுகளை இது தீர்க்காது. செங்கல்பட்டும் செங்கற்பட்டும், சதுரங்கப்பட்டினமும் சதராஸும் பதிவுகளில் மாறிமாறி வரும். அதற்கு ஊர்களுக்கென்று தனிக் கலெக்‌ஷன் வைத்து, கல்வெட்டுப் பதிவில் அந்த ஊரின் அடையாளத்தை மட்டும் குறிப்பதே நல்லது. மாவட்டப் பெயரும் அங்கேதான் இருக்க வேண்டும். 1997-இல் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தை ஒவ்வொரு கல்வெட்டுப் பதிவுக்குள்ளும் எழுதிவைத்தவர் ஒவ்வொரு அரசாணைக்கும் எல்லாப் பதிவுகளையும் திருத்த வேண்டியிருக்கும். மூலம் சொன்னதைப் பதிவுக்குள் வை, அரசு மாற்றக்கூடியதை வெளியே வை என்பது இங்கே நடைமுறைக்கு நல்ல வழிகாட்டி.

பதிவு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. இன்செர்ட்ஒன் உடனே விடை தருவதில்லை, விடை தருவதாக ஒரு வாக்குறுதியைத் தருகிறது. 'அவெய்ட்' போட்டுக் காத்திருக்காமல் நிரல் முடிந்துவிட்டால் பதிவு வழியிலேயே நின்றுபோகலாம், பிழை வந்தாலும் யார் காதிலும் விழாது. 2012 நவம்பர் வரை மாங்கோடிபியின் டிரைவர்கள் இயல்பிருப்பாகவே சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திருந்ததில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வந்த கெட்ட பெயருக்கு நியாயம் இருந்தது. 2021-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பிரதி வைத்திருக்கும் சர்வர்களில் பெரும்பான்மை ஏற்றுக்கொண்ட பிறகே ஒப்புதல் என்பது இயல்பிருப்பாகிவிட்டது. மொத்தமாகச் சேர்க்கும் 'இன்செர்ட்மெனி' விஷயத்திலும் கவனம் வேண்டும். 300 பதிவுகளை அனுப்பி 41-ஆவது இரட்டிப்பாக இருந்தால், இயல்பிருப்பில் முதல் 40 உள்ளே இருக்கும், மீதி 259 தொடப்படாமல் நிற்கும். வரிசை முக்கியமில்லை என்று சொல்லிவிட்டால் 41-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற 299-ஐயும் சேர்த்து, எது ஏன் நின்றது என்ற பட்டியலைத் திருப்பித் தரும். பழைய கணக்குகளை மொத்தமாக ஏற்றுபவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது, அந்தப் பட்டியலைப் படித்து முடிக்கும் பொறுமை இருந்தால்.

இவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமென்றால் நேரடியாக அட்டவணைத் தரவுத்தளத்துக்கே போய்விடலாமே என்பது நியாயமான மறுப்பு. போஸ்ட்கிரஸ் 2014 முதல் ஜேசன்பி என்ற வகையில் ஆவணங்களையே அட்டவணைக்குள் வைக்கவும் விடுகிறது. அதை நன்கு அறிந்த குழு அதையே எடுத்துக்கொள்ளட்டும், நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கான பரிந்துரை அல்ல. ஆனால் கட்டங்களை முன்கூட்டி வகுக்கும்போது எது தப்பிப்போகும் என்பதற்குச் சாளுவன்குப்பம் சான்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே பாறைக் கல்வெட்டுகள் தொல்லியலாளர் கவனத்துக்கு வந்தன. அவை திருவிழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைப் பற்றிப் பேசின. அப்படி ஒரு கோயில் அக்கம்பக்கத்தில் எங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் குறிப்பைப் பின்பற்றி அருகிலிருந்த மண்மேட்டை அகழ்ந்தபோது கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலக் கற்கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானம் இருந்தது. 'கோயில்கள்' அட்டவணையில் இல்லாத கோயிலுக்குக் கொடையை எழுத விடமாட்டேன் என்று கண்டிப்பான இணைப்பு விதி வைத்திருந்தால், அகழ்வுக்கு முந்தைய நாளில் இந்தக் கல்வெட்டைச் சேர்த்திருக்கவே முடியாது. யாரேனும் அந்தக் கொடையை வேறொரு கோயிலின் பெயரில் ஏற்றியிருக்கக்கூடும். ஆவண வடிவில் 'வாசகம் சொல்லும் கோயில்' என்ற புலம் நிரம்பியிருக்கும், 'அறியப்பட்ட கோயில்' என்ற புலம் காலியாக இருக்கும். அகழ்வுக்குப் பின் இரண்டாவது நிரம்பும். அட்டவணையிலும் இதைச் செய்யலாம், காலியை அனுமதித்தால். ஆனால் அங்கே காலி என்பது வகுப்பவர் முன்யோசனையோடு விட்டுவைக்க வேண்டிய விதிவிலக்கு. இங்கே அது இயல்பு. நான் கேட்கும் கட்டுப்பாடு எண், எழுத்து, அடையாளம் ஆகியவற்றின் மீது. எந்தப் பதிவில் எத்தனை புலங்கள் என்பதன் மீது அல்ல.

மங்கூஸ் போன்ற நூலகத்தில் ஸ்கீமா எழுதிவிட்டால் போதாதா என்று நோட் எழுதுபவர்கள் கேட்பார்கள். அது பெரும் உதவி. ஆனால் இரண்டு காரணங்களால் போதாது. ஸ்கீமாவில் இல்லாத புலம் வந்தால் மங்கூஸ் இயல்பிருப்பில் அதைச் சத்தமின்றி உதறிவிடும். பிழை வராது, பதிவு சேரும், அந்தப் புலம் மட்டும் இருக்காது. பர்னார்டின் ஆங்கிலச் சுருக்கத்தைப் போன்ற எந்தச் சுருக்கத்திலும் பத்தி இல்லாத விவரத்துக்கு நேர்வது இதுதான். ஓலை பிழைத்திருந்ததால்தான் நாம் திரும்பிப் போய்ப் பார்க்க முடிகிறது. தெரியாத புலம் வந்தால் உதறாமல் பிழை எழுப்பும்படி மங்கூஸிடம் சொல்ல முடியும், சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது காரணம், மங்கூஸின் காவல் அந்த ஒரு நிரலுக்குள் மட்டும்தான். வேறொருவர் நேரடியாக ஷெல்லைத் திறந்தோ வேறு மொழியில் எழுதியோ பதிவைச் சேர்த்தால் அதற்குத் தெரியாது. மாங்கோடிபியிலேயே 2017-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து கலெக்‌ஷனுக்கு ஜேசன் ஸ்கீமா வேலிடேட்டர் வைக்கலாம்; எந்த வாசல் வழியாக வந்தாலும் அது பார்க்கும்.

கள வேலையில் இருப்பவர்களின் மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. வெயிலில் நின்று மைப்படி எடுப்பவரிடம் சாவி, வகை, வடிவம் என்று தடை போட்டால் அவர் பதிவு செய்வதையே விட்டுவிடுவார்; முதலில் சேரட்டும், பிறகு சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. அதற்காக வாசலை அகலத் திறக்காமல் இரண்டு கலெக்‌ஷன்கள் வைக்கலாம். களத்தில் வருவது, படம், அடித்த வாசகம், அடித்தவர், நாள் என்ற அளவில் ஒன்றில் எந்த மறுப்பும் இன்றிச் சேரட்டும். அங்கே வேலிடேட்டரை எச்சரிக்கை மட்டும் எழுதும்படி வைக்கலாம். சரிபார்த்த பதிவு இன்னொன்றுக்குப் போகும். அங்கே தவறினால் மறுப்பு. 'பிறகு' என்று தள்ளிப்போடும் இரண்டாம் பாதிதான் சிக்கல். கடற்கரைக் கோயிலின் கல்லை உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படித்து 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் அச்சேற்றிய எழுத்துகள் எல்லாம் இன்றைய படத்திலும் தெரியும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐயத்துக்குரிய ஓர் எழுத்தை இன்று ஐயமென்று குறிக்காமல் சேர்த்தால், சுத்தம் செய்ய வருபவர் எதைப் பார்த்துச் சுத்தம் செய்வார்? அதனால் சரிபார்த்த பதிவிலும் வாசிப்பு என்பது ஒற்றைப் புலமாக இருக்கக் கூடாது, பட்டியலாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் யார் படித்தது, எந்த ஆண்டு, கல்லிலிருந்தா மைப்படியிலிருந்தா படத்திலிருந்தா, எந்தெந்த எழுத்துகள் ஐயம் என்று இருக்கட்டும். புதிய வாசிப்பு பழையதன் மேல் எழுதப்படாமல் பட்டியலின் முடிவில் சேரும். ஹுல்ட்ஷின் வாசிப்பு முதல் இடத்திலும், நாளை அங்கே போய்ப் படிப்பவருடையது அதற்கு அடுத்தும் நிற்கும்.